மடியில் வைத்துக் கொண்டுபோகும் படங்கள்: ஸ்கேனும் கலையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வரும் காலை பஸ்ஸில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். கன்னியக்கோவில் தாண்டுவதற்குள் நாலு பேராவது மடியில் பெரிய உறை ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மடங்கக் கூடாது, நனையக் கூடாது என்று பச்சைக்குழந்தையைப் போலப் பிடித்திருப்பார்கள். உள்ளே எக்ஸ்ரே பிலிம் இருக்கும், இல்லையென்றால் சி.டி. ஸ்கேனோ எம்ஆர்ஐயோ இருக்கும். ஜிப்மருக்கோ வேறு ஆஸ்பத்திரிக்கோ போகிறவர்கள். அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கும் படத்தை அவர்களில் பாதிப் பேர் ஒருமுறைகூட வெளியே எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தப் படங்களை எடுப்பதுதான் இருபது வருஷத்துக்கு மேலாக என் பிழைப்பு. முதலில் கடலூரில், அப்புறம் புதுச்சேரியில். நான் டாக்டர் இல்லை, ரேடியோகிராஃபர். ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வருமே, அது நான்தான். கொஞ்ச காலமாகச் சங்கு, மீன், பலாப்பழம், என் சொந்த முதுகெலும்பு என்று சில படங்களை நல்ல காகிதத்தில் அச்செடுத்து வீட்டு வராந்தாவில் மாட்டி வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் கேட்டதையே கேட்கிறார்கள் என்பதால் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

மெஷின்தானே எடுக்கிறது? அதில் கலை எங்கிருந்து வந்தது?

கேமராவும் மெஷின்தானே என்று திருப்பிக் கேட்டு முடித்துவிடலாம். ஆனால் ஸ்கேனில் விஷயம் அதைவிடச் சுவாரசியமானது.

சி.டி. ஸ்கேனை எடுத்துக்கொள்ளுங்கள். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் விம்பிள்டன் பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் முதல் நோயாளியின் தலையை அதில் எடுத்தார்கள். மெஷினை உருவாக்கியவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர். 1979-இல் ஆலன் கார்மக்கோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார். சரியாகச் சொன்னால் அந்த மெஷின் படம் எடுப்பதே இல்லை. உடம்பைப் பொடிப்பொடிக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் கொடுக்கிறது. தண்ணீருக்கு 0. காற்றுக்கு மைனஸ் 1000. கொழுப்பு மைனஸ் 100 பக்கத்தில் நிற்கும். கெட்டி எலும்பு 1000-ஐயும் தாண்டும். ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு என்று அவர் பேரையே இதற்கு வைத்துவிட்டார்கள்.

எண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நம் கண்ணால் பிரித்துப் பார்க்க முடிகிற சாம்பல் நிறங்களோ ரொம்பக் குறைவு. ஆகவே எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கறுப்பு முதல் வெள்ளை வரைக்கும் பங்கு போடுவது என்பதை, மவுஸைப் பிடித்திருக்கிற ஆள் முடிவு செய்ய வேண்டும். இதற்கு எங்கள் பாஷையில் ‘விண்டோ’ என்று பேர். ஒரு நெஞ்சு ஸ்கேனை மைனஸ் 600-ஐ நடுவாக வைத்து 1500 அகலத்தில் திறந்தால் நுரையீரல் கிளை கிளையாக விரிந்த மரமாகத் தெரியும். இதயம் வெறும் வெள்ளைக் கட்டி. அதே ஸ்கேனை 40-ஐ நடுவாக வைத்து 400 அகலத்துக்குச் சுருக்கினால் மரம் போய்விடும், அந்த இடம் முழுக்க இருட்டாகிவிடும், இதயமும் ரத்தக் குழாய்களும் எழுந்து வரும். இன்னும் அகலமாக்கி மேலே ஏற்றினால் முதுகெலும்பின் உள்ளே இருக்கிற நெசவு தெரியும். ஒரே ஆள், ஒரே மூச்சு, மூன்று படம். மூன்றில் எதுவும் பொய்யில்லை.

‘ஸ்கேன் எடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்துவிடும்’ என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நாம் எதைக் கேட்டோமோ அதைத்தான் அது காட்டும். எந்த விண்டோ, எந்தத் துண்டு, எந்தப் பக்கத்திலிருந்து பார்வை, எவ்வளவு கனம், எதை விடுவது, இந்தத் தேர்வுகள் எல்லாமே ஆள் செய்வது. டாக்டர் ‘கட்டி இருக்கிறதா?’ என்று கேட்டுத் தேர்ந்தெடுக்கிறார். நான் வேலை முடிந்த பிறகு வேறொன்றைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கிறேன். கலை என்று ஒன்று இதில் இருந்தால் அது அந்தத் தேர்வில்தான் இருக்கிறது. மற்றபடி நான் எடுத்த படங்களில் பெரும்பாலானவை மாட்டி வைக்கத் தேறாதவை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதை யார் ஆரம்பித்தது?

எக்ஸ்ரே பிறந்த அன்றே இதுவும் பிறந்துவிட்டது. வில்ஹெல்ம் ரான்ட்கன் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் 1895 நவம்பர் 8 அன்று அந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். டிசம்பர் 22 அன்று மனைவி பெர்த்தாவின் கையை எடுத்தார். எலும்பு விரலில் மோதிரம் தொங்குகிற அந்தப் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். அந்த அம்மா தன் சாவையே பார்த்துவிட்டதாகச் சொன்னார் என்று ஒரு பேச்சு உண்டு. ஊருலகத்துக்கு அந்தப் படம் எக்கச்சக்கமாகப் பிடித்துப்போனது. அடுத்த வருஷமே காசு கொடுத்துத் தன் கையை எக்ஸ்ரே எடுத்துக்கொள்வது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு மோஸ்தர்.

அதே 1896-இல் வியன்னாவில் யோசஃப் மரியா ஈடர், எட்வர்ட் வாலென்டா என்ற இரண்டு பேர் தவளை, மீன், பாம்பு, பச்சோந்தி எல்லாவற்றையும் எக்ஸ்ரே எடுத்து ஓர் அச்சுத் தொகுப்பாகக் கொண்டுவந்தார்கள். இன்றைக்குப் பார்த்தாலும் அதன் துல்லியம் ஆச்சரியமாக இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தவர் 1930-களில் லாஸ் ஏஞ்சலஸில் ரேடியாலஜி டாக்டராக இருந்த டெய்ன் டாஸ்கர். அவர் பூக்களை எடுத்தார். லில்லியின் இதழ் மேல் இதழ் புகையாகப் படிந்திருக்கும். கறுப்பு மசியை நனைந்த தூரிகையில் தொட்டு வரைந்த மாதிரி இருக்கும். ஓவியர் ராபர்ட் ராஷன்பெர்க் 1967-இல் தன் உடம்பின் எக்ஸ்ரேயையே ஆளுயர அச்சுப்படமாக்கினார். 2007-இல் நியூயார்க்கில் சாட்ரே ஸ்டூல்கி, ஓவியராக இருந்து மருத்துவம் படிக்கப் போனவர், பார்பி பொம்மை, பர்கர் என்று கைக்கு வந்ததையெல்லாம் சி.டி.யில் எடுத்து நிறம் கொடுத்தார். பாஸ்டனில் ஆண்டி எல்லிசன் என்ற எம்ஆர்ஐ டெக்னாலஜிஸ்ட் பழங்களையும் காய்களையும் எடுத்தார். அவர் என் ஜாதி: மெஷினோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்.

ஆனால் தோலை விலக்கி எலும்பைக் காட்டுகிற கலைக்கு வூர்ட்ஸ்பர்க் வரை போகத் தேவையில்லை. நம் யூனியன் பிரதேசத்திலேயே காரைக்கால் இருக்கிறது. காரைக்கால் அம்மையாரின் பழைய செப்புச் சிலைகளைப் பாருங்கள். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், தோள்பட்டை எலும்பு துருத்தி நிற்கும், கையில் தாளம். அழகான உடம்பு வேண்டாம் என்று பேய் வடிவம் கேட்டு வாங்கியவர். அந்த வடிவத்தை வார்த்த ஸ்தபதி, எலும்பு எங்கே இருக்கும் என்று தெரிந்து வார்த்திருக்கிறார். ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்குப் போகிறவர்கள் இந்தக் கண்ணோடு ஒரு முறை பார்க்கலாம்.

எக்ஸ்ரே, சி.டி., எம்ஆர்ஐ, எது அழகாக வரும்?

எடுக்கிற பொருளைப் பொறுத்தது. அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன்.

சங்குக்கு எக்ஸ்ரே. வேறு பேச்சே இல்லை. வெளியே கல் மாதிரி இருப்பது உள்ளே சுருள் படிக்கட்டாக நடுத்தண்டைச் சுற்றி ஏறும். சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடத்தில் மஸ்லின் துணியை மடித்த மாதிரி நிழல் கூடும். அதே சங்கை எம்ஆர்ஐயில் வைத்தால் ஒன்றுமே வராது. எம்ஆர்ஐ காந்தத்தைக் கொண்டு ஹைட்ரஜனைத் தேடுகிற மெஷின். அதாவது தண்ணீரையும் கொழுப்பையும். காய்ந்த சங்கில் அதற்கு வேலையில்லை.

மாதுளை, சாத்துக்குடி, பாகற்காய் இவையெல்லாம் எம்ஆர்ஐக்கென்றே படைத்தவை. துண்டு துண்டாக நகர்த்திப் பார்த்தால் மாதுளை முத்துகள் தோன்றித் தோன்றி மறையும்.

மீனுக்கு எக்ஸ்ரே நன்றாக இருக்கும். ஆனால் மீனை அறிந்து எடுக்க வேண்டும். சங்கராவுக்கு முதுகெலும்புக்குக் கீழே காற்றுப்பை ஒரு கரிய படகு போலத் தெரியும். வஞ்சிரத்துக்கு அந்தப் பையே கிடையாது. நான் அது தெரியாமல் பிலிம் சரியில்லை என்று இரண்டு தரம் எடுத்தேன். கடலூர் முதுநகர்க்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே விளக்கினார்.

பலாப்பழத்துக்கு சி.டி. பண்ருட்டிப் பழம், நடுத்தரமானது, நாள் முழுக்க நோயாளிகள் வந்து போன பிறகு ரேடியாலஜிஸ்ட்டின் அனுமதியோடு எடுத்தது. தண்டுக்குக் குறுக்கே வெட்டின துண்டில் கொட்டைகள் வெளுப்பாக வட்டம் கட்டி நிற்கின்றன, ஒவ்வொன்றையும் சுற்றிச் சாம்பல் நிறத்தில் சுளை, இடையே சடைகள் கோடு கோடாக, காற்று இருக்கிற சந்துகள் கறுப்பு. தோலின் முள் வரிசை வெளியே பல்சக்கரம் மாதிரி. கோயில் விதானத்தில் கல்லில் கொத்தின தாமரையைத்தான் நினைத்துக்கொண்டேன். வராந்தாவில் எல்லோரும் நிற்பது இதன் முன்தான். ‘என்ன படம் இது?’ என்று கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்டதும் ‘அட!’ என்கிறார்கள்.

அந்தப் பலாப்பழத்தைச் சாப்பிடலாமா?

சாப்பிட்டோம். எக்ஸ்ரே போன பிறகு பழத்தில் ஒன்றும் தங்காது. விளக்கை அணைத்தால் அறையில் வெளிச்சம் மிச்சம் இருக்காதல்லவா, அது போலத்தான். இரவு டியூட்டி நர்ஸ்களுக்குத்தான் பெரிய பங்கு.

கலர் கலராக வருகிற ஸ்கேன் படங்கள் உண்மையா?

உடம்புக்குள் அந்தக் கலர் கிடையாது. உள்ளே இருட்டு, அவ்வளவுதான். கலர் நாம் கொடுப்பது.

அதற்காக அதை வெறும் பூச்சு என்றும் சொல்ல முடியாது. மூளையின் நரம்பு இழைகளை எம்ஆர்ஐயில் வரைகிற முறை ஒன்று உண்டு. அதில் இடம் வலமாக ஓடும் இழைக்குச் சிவப்பு, முன் பின்னாக ஓடுவதற்குப் பச்சை, மேல் கீழாக ஓடுவதற்கு நீலம் என்று உலகம் முழுக்க ஒரே வழக்கம். அங்கே நிறம் என்பது திசை. பட்டுநூல் சிக்கெடுக்காமல் கிடப்பது போல இருக்கிற அந்தப் படங்களுக்கு அழகுக்காக மட்டும் யாரும் நிறம் கொடுக்கவில்லை. இன்னொரு பக்கம், ஹாங்காங் ரேடியாலஜிஸ்ட் கை ஹங் ஃபங் மூக்குக்குப் பின்னால் இருக்கிற குகைகளை சி.டி.யில் எடுத்து, உயர வரைபடம் போல வானவில் கோடுகளாக்கினார். 2007-இல் அதற்குச் சர்வதேசப் பரிசு கிடைத்தது. மூக்கடைப்புக்காக எடுக்கிற ஸ்கேன்தான் அது!

என் விருப்பத்தைக் கேட்டால் கறுப்பு வெள்ளைதான். ஒரு நிறத்துக்கு மேல் போனால் நான் திருவிழா பேனர் அடித்துவிடுவேன் என்று எனக்கே பயம்.

அழகான படம் வேண்டும் என்பதற்காக நான் ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. யார் கேட்டாலும் நான் எடுத்துத் தர மாட்டேன்.

நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் உடம்பு வாங்கும் கதிரின் அளவு 0.1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. நெஞ்சு சி.டி. என்றால் 5 முதல் 7 வரை போகும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு மனிதருக்கு இயற்கையாக வருஷத்துக்குக் கிடைப்பதே உலக சராசரியில் 2.4 தான். நோயைக் கண்டுபிடிக்க அந்த அளவு நியாயம். சுவரில் மாட்ட நியாயமில்லை. ஆரம்ப காலத்தில் இதெல்லாம் தெரியாமல் விளையாடினார்கள். எடிசனிடம் எக்ஸ்ரே வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி தன் கையையே திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார். கைகளை வெட்டி எடுக்க வேண்டி வந்தது, 1904-இல் இறந்தே போனார்.

எம்ஆர்ஐயில் அந்தக் கதிர் இல்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் வெளியே வலியோடு ஒருவர் காத்திருக்கும்போது உள்ளே நீங்கள் படத்துக்காகப் படுத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நோய்க்காக ஏற்கெனவே எடுத்த ஸ்கேனிலிருந்து செய்யுங்கள். இல்லையென்றால் பழம், சங்கு. என் முதுகெலும்புப் படமும் வலி வந்து எடுத்ததுதான். நாலாவது ஐந்தாவது வட்டுகள் கறுத்துப் போயிருப்பதை அதில் பார்க்கலாம். எம்ஆர்ஐயில் தண்ணீர் வற்றின வட்டு கறுப்பாகத் தெரியும்.

என்னிடம் பழைய ஸ்கேன் இருக்கிறது. எப்படித் தொடங்குவது?

பிலிமை போனில் போட்டோ எடுப்பதில் ஆரம்பிக்காதீர்கள். பிலிமில் இருப்பது யாரோ தேர்ந்தெடுத்து முடித்த படம். உங்களுக்கு வேண்டியது அந்த எண்கள். அவை ஸ்கேன் சென்டர் கொடுக்கிற தட்டில் இருக்கும். (சி.டி. ஸ்கேனை சி.டி.யில் கொடுத்தார்கள் என்று தமிழில் எழுதினால் எது எது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். அதனால் தட்டு என்கிறேன்.) தொலைந்துவிட்டதா? கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் வருஷ நடத்தை விதிகளிலேயே இருக்கிறது.

தட்டில் இருப்பவை டைகாம் என்ற வகைக் கோப்புகள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ரேடியன்ட், மேக் என்றால் ஹோரோஸ், எதிலும் ஓடுகிற இலவச மென்பொருள் 3டி ஸ்லைசர். கடைசியாகச் சொன்னது கொஞ்சம் படுத்தும், ஒரு வாரம் பழகினால் கைக்கு வந்துவிடும். முதல் மூன்று நாள் ஒன்றும் செய்யாமல் மவுஸைப் பிடித்து விண்டோவை மட்டும் இழுத்து இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது ஓரிடத்தில் கை நிற்கும்.

பேரை அழித்துவிட்டு மற்றவர்களின் ஸ்கேனைப் போடலாமா?

இதில் நான் ஒரு முறை பட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முழங்கால் படம். அவ்வளவு அழகு, முட்டிச் சில்லு நிலா மாதிரி மிதந்தது. நண்பர் ஒருவர் தன் கடைத் திறப்பு அழைப்பிதழுக்குக் கேட்டார், கொடுத்துவிட்டேன். மூலையில் எறும்பு அளவு எழுத்தில் பேர், வயது, தேதி. அழைப்பிதழ் அந்த நோயாளியின் அக்கா மகன் கைக்கே போயிற்று. புதுச்சேரி எவ்வளவு சின்ன ஊர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த அம்மா நேரில் வந்து, கத்தக்கூட இல்லை, ‘என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி’ என்றார். வேலை போகாமல் தப்பியது அவர் பெருந்தன்மை.

ஆகவே, பேரை அழிப்பது முதல் படிதான். டைகாம் கோப்பின் உள்ளே பேர், பிறந்த தேதி, ஆஸ்பத்திரி எண் எல்லாம் தனியாக ஒளிந்திருக்கும். படத்தில் தெரிவதை மட்டும் அழித்தால் போதாது. தலை ஸ்கேன் என்றால் இன்னும் மோசம், அதிலிருந்து முகத்தையே திருப்பி உருவாக்கிவிடலாம். 2019-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 84 பேரின் தலை எம்ஆர்ஐயிலிருந்து முகங்களை உருவாக்கி, முகமறியும் மென்பொருளிடம் கொடுத்தபோது 70 பேரைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது. எலும்பில் போட்ட தகடு, பல்லில் அடைத்தது இவையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

இறந்தவர் என்றால் பரவாயில்லையா என்று கேட்கிறார்கள். நடிகை மர்லின் மன்றோவுக்கு 1954-இல் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேக்கள் 2010-இல் ஏலத்தில் 45,000 டாலருக்குப் போயின. வாங்கினவர் மகிழ்ந்திருப்பார். அந்தப் படத்துக்காக மூச்சைப் பிடித்து நின்றவரை யாரும் கேட்கவில்லை.

என் வழக்கம்: ஆளிடம் நேரில் கேட்டு, படத்தைக் காட்டி, எங்கே மாட்டுவேன் என்றும் சொல்லி, எழுதி வாங்குவேன். படுக்கையில் இருக்கும்போது கேட்க மாட்டேன். ‘சரி சார்’ என்றுதான் சொல்வார்கள், அது சம்மதம் ஆகாது.

வயிற்றில் இருக்கும் குழந்தையின் ஸ்கேன் படத்தை ஃபிரேம் போட்டு வைக்கலாமா?

வைக்கலாம், உங்கள் படம் அது. ஆனால் மூன்று விஷயம். ஞாபகத்துக்காக மட்டும் என்று தனியாக ஸ்கேன் எடுக்கக் கேட்காதீர்கள். கர்ப்பிணிக்கு எந்தக் காரணத்துக்கு ஸ்கேன் எடுக்கலாம் என்று 1994-ஆம் வருஷச் சட்டம் வரையறுத்திருக்கிறது. ஆணா பெண்ணா என்று படத்தைப் பார்த்து யாரிடமும் கேட்காதீர்கள், எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியும் கேட்காதீர்கள். சொல்வது குற்றம், கேட்பதும் குற்றம்.

மூன்றாவது, லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். அந்தச் சின்னப் படம் சூடு பட்டால் கறுக்கிற காகிதம். லேமினேஷன் மெஷினுக்குள் குழந்தையோடு போய் வெறும் கறுப்பு அட்டையாக வெளியே வரும். அழுதுகொண்டே வந்த இளம் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் போட்டோ எடுத்து அதை அச்சடித்து மாட்டுங்கள். மூலப் படத்தை இருட்டில், வெயில் படாமல் வையுங்கள்.

பீரோ மேல் கிடக்கும் பழைய எக்ஸ்ரே பிலிம்களை என்ன செய்வது?

முதலில் செய்யக் கூடாதது: கிரகணம் பார்ப்பது. 1995 அக்டோபர் கிரகணத்தன்று தெருவெல்லாம் ஆளுக்கொரு எக்ஸ்ரேயோடு நின்றோம், நானும்தான். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அது குறைக்கும், கண்ணைச் சுடுகிற கதிரை முழுக்கத் தடுக்காது.

பழைய பிலிமில் வெள்ளி உண்டு. டார்க் ரூம் காலத்தில், பிலிம் கழுவிக் கழுவித் தீர்ந்துபோன ஹைப்போ என்ற மருந்துத் தண்ணீரைக்கூட வெள்ளி பிரிக்கிறவர்கள் கேன் கொண்டுவந்து விலைக்கு வாங்கிப் போவார்கள். காயலான் கடைக்காரர் பிலிமுக்கு மட்டும் தனி மரியாதை தருவதன் ரகசியம் இதுதான். சோவியத் ரஷ்யாவில் 1940-களிலும் 50-களிலும் இன்னொரு உபயோகம் கண்டுபிடித்தார்கள். அரசாங்கம் தடுத்த பாட்டுகளை, ஆஸ்பத்திரி தூக்கிப்போட்ட எக்ஸ்ரே பிலிமை வட்டமாக வெட்டி அதில் பதிந்து ரகசியமாக விற்றார்கள். யாருடைய விலா எலும்பிலிருந்தோ ஜாஸ் பாடும்.

நான் செய்வது சயனோடைப். ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த நீல அச்சு. ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு, இரண்டையும் தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்துச் சமமாகக் கலந்து, மங்கின வெளிச்சத்தில் காகிதத்தில் தடவிக் காயவைக்க வேண்டும். அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதம் இதற்கு அருமை. பஞ்சுக் காகிதம், எத்தனை தரம் கழுவினாலும் கிழியாது. மேலே பிலிமை வைத்து, கண்ணாடியால் அழுத்தி மாடியில் வெயிலில் வைத்தால் போதும். நம் ஊர் வெயில் இதற்காவது உதவட்டும். பிறகு தண்ணீரில் கழுவினால் நீலம் எழும். வேடிக்கை என்னவென்றால் எல்லாம் தலைகீழாகும். பிலிமில் எலும்பு இருக்கிற இடம்தான் தெளிவு; அதன் வழியாக வெயில் இறங்கும். ஆகவே வெள்ளைக் காகிதத்தில் எலும்பு கடல் நீலத்தில் வரும். பார்க்க மரணம் மாதிரியே இருக்காது, சங்குப்பூ மாதிரி இருக்கும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஆசிட் பக்கம் அந்த மருந்தைக் கொண்டுபோகாதீர்கள். கழுவி எடுத்த பழைய காலப் பிலிமையே பயன்படுத்துங்கள். இப்போது வருகிற டிரை பிலிம்களில் பல, சூட்டில் தானே கறுத்துப்போகும்.

சாமி சிலைகளையும் ஸ்கேன் எடுக்கிறார்களாமே?

ஆமாம். நம் பக்கத்துச் சங்கதியே ஒன்று இருக்கிறது. நெதர்லாந்தின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் தமிழ்நாட்டு நடராஜர் ஒருவர் இருக்கிறார், சுமார் 300 கிலோ. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அந்தச் செம்பைத் துளைக்காது. அதனால் ரோட்டர்டாம் துறைமுகத்தில் சுங்கத்துறை லாரிகளைச் சோதிக்கிற பெரிய எக்ஸ்ரேக்குள் அவரைக் கொண்டுபோனார்கள். உள்ளே பொள்ளல் இல்லை, திருவாசி உட்பட முழுக்கக் கெட்டி என்று தெரிந்தது. சுவாமிமலை ஸ்தபதிகளைக் கேட்டிருந்தால் கன வார்ப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில் ஆடுகிறவர், லாரி ஸ்கேனரில் நின்றார் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, என்னவோ ஒரு பெருமையும் வருகிறது.

நோயின் படத்தை அழகு என்று சொல்வது தப்பில்லையா?

சில படங்களுக்குத் தப்புதான். புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க பெட் ஸ்கேன் எடுப்பார்கள். பரவியிருந்தால் கார்த்திகை விளக்கு வரிசை போல உடம்பெங்கும் புள்ளி புள்ளியாக எரியும். அழகா என்றால் அழகு. நான் ஒன்றைக்கூட அச்செடுத்ததில்லை, எடுக்கவும் மாட்டேன்.

மற்றவற்றில் எனக்கு இன்னும் தெளிவில்லை. தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருவர், கடலுக்குப் போகிறவர், காசநோய் வந்து குணமானவர். குணமான பிறகு எடுத்த சி.டி.யை முழுதாக உருட்டித் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ‘தம்பி, இது பாருல வளருற பாசி மாதிரியில்ல இருக்கு’ என்றார். கடலுக்கடியில் மீன் கூடுகிற பாறைத் திட்டைத்தான் பார் என்பார்கள். நாற்பது வருஷம் வலை வீசின இடத்தைத் தன் நெஞ்சுக்குள் பார்த்துவிட்டார். வீட்டில் மாட்ட ஒரு பிரதி கேட்டார். பெரிதாக அச்செடுத்து, ஃபிரேம் போட்டு நானே கொண்டுபோனேன்.

அவர் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டார். ‘ஆறு மாசம் இந்த மார்ச்சளிய அள்ளிக் கொட்டுனவ நானு. இத தெனம் பாத்துக்கிட்டுச் சோறு திங்கச் சொல்றீங்களா? எடுத்துட்டுப் போங்க’ என்றார். எடுத்துவந்துவிட்டேன். இன்னும் என் அலமாரியில் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கிறது. அவர் கொடுத்த சம்மதம் எழுத்தில் இருக்கிறது, ஆனாலும் மாட்டவில்லை.

ஏஐயில் உருவாக்கின எக்ஸ்ரே படங்களைப் பற்றி?

விரலை எண்ணுங்கள். அப்புறம் விலா எலும்பை எண்ணுங்கள், பக்கத்துக்குப் பன்னிரண்டு. பெரும்பாலும் அதிலேயே மாட்டிக்கொள்ளும். நாளைக்கு எண்ணிக்கை சரியாகவும் வரலாம். யாருமே மூச்சைப் பிடித்து நிற்காத நெஞ்சுப் படத்தில் எனக்கு ஆர்வம் இல்லை, அவ்வளவுதான்.

என் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்வீர்களா?

மாட்டேன். ரேடியாலஜிஸ்ட் எழுதியிருப்பார், உங்கள் டாக்டர் விளக்குவார்.

படங்களை விலைக்குக் கொடுப்பீர்களா? எப்படி மாட்டுவது?

சங்கு, மீன், பலா இவை விலைக்கு உண்டு, காகிதச் செலவோடு கொஞ்சம் சேர்த்து. மனிதர்கள் படம் விலைக்கில்லை. என் முதுகெலும்பை மட்டும் ஓர் எலும்பு டாக்டர் கிளினிக்கில் மாட்டக் கேட்டு வாங்கிப் போனார். அங்கே வருகிறவர்கள் ‘இது யாருக்கு?’ என்று கேட்கிறார்களாம்.

மாட்டும்போது ஒன்று கவனியுங்கள். இங்கே உப்புக்காற்று, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு ஃபிரேம் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஐப்பசி மழையில் ஒட்டிக்கொள்ளும். நீல அச்சை வெள்ளைக்காரத் தெருப் பக்கத்துப் பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சுவரில் நேராக ஒட்டவே கூடாது. சுண்ணாம்பின் காரம் நீலத்தைத் தின்றுவிடும். எங்கள் தாத்தா வீட்டுச் சுவரில் ஒட்டின சங்கராவுக்கு இப்போது தலை மட்டும்தான் மிச்சம்.